அழிசி காத்த அத்திக் குச்சி

உட்காருங்கள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன். இன்றைக்கு வெயிலில் நிறைய நடந்திருக்கிறேன், பறக்கும் குதிரையும் பேசும் கிளியும் வருகிற கதை என்னால் ஆகாது. களைத்துப்போன ஒரு படையின் கதை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

ஊருக்கு ஊர் மதில் இருந்த காலம் அது. மதிலுக்குள் ஊருக்கென்று ஒரு மரம் இருக்கும். காவல் மரம் என்பார்கள். அதைத் தொட்டாலும், ஒரு சுள்ளியை ஒடித்தாலும் கையை வெட்டிவிடுவார்கள். எதிரி வந்து அதை வெட்டிப்போட்டால் அந்த ஊர் ராஜாவின் மானம் போயிற்று. மனிதர் செத்தால்கூட ஊரார் அவ்வளவு அழமாட்டார்கள் என்று ராஜாக்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுங்குன்றூரில் கொற்றவேள் என்று ஒரு ராஜா. அவன் ஊரின் காவல் மரம் அத்தி. கொற்றவேள் படையோடு போய் மலைநாட்டில் சண்டை போட்டான், ஜெயித்தான். ஜெயித்த அன்றைக்கே ஊரிலிருந்து ஆள் ஓடி வந்து செய்தி சொன்னான். ராஜா இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்து நாட்டான் மதிலேறி வந்து அத்தியை வெட்டிவிட்டான், அடிமரத்தை முரசு செய்ய வண்டியில் ஏற்றிக்கொண்டும் போய்விட்டான்.

ராஜா ஓடி வந்தவனைப் பார்த்து, "மரம் இலையோட இருந்துச்சா, இலை உதிர்ந்து இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இலை உதிர்ந்து மொட்டையா இருந்துச்சு மகாராஜா."

இலை உதிர்த்த மரத்தின் உயிர் கிளைக்குள் தூங்கும். அப்போது வெட்டிய குச்சியை நட்டால் பிழைக்கும். ராஜாவுக்கு இது தெரியும். ஆள் அனுப்பி, கீழே கிடந்த கிளைகளிலிருந்து ஒரு கட்டுக் குச்சி கொண்டுவரச் சொன்னான். ஈர மணலில் புதைத்துக் கொண்டுவந்தார்கள்.

"இனிமே என் காவல் மரம் ஊர் நடுவுல நிக்காது. தட்டுல வளரும், முழங்கால் உயரத்துக்கு மேல போகாது, நான் போற இடமெல்லாம் என் பக்கத்துலயே இருக்கும். எவன் வந்து வெட்டறான்னு பாக்கறேன். இது வேர் பிடிக்கட்டும், அப்புறம் ஊருக்குத் திரும்பலாம். மரம் இல்லாம எந்த முகத்தோட நான் வாசல்ல நுழையறது?" என்றான்.

சண்டை முடிந்துவிட்டது. ஒரு குச்சிக்காகப் படை முழுவதும் அந்த மலையடிவாரத்திலேயே கிடந்தது.

முதலில் குச்சிகளோடு ஊரிலிருந்து வந்த அரண்மனைத் தோட்டக்காரனிடம் பொறுப்பு வந்தது. அவன் அகலமான மண்தட்டில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பினான், குச்சியை நட்டான், நிழல் கட்டினான். ஒரு குறையும் இல்லை. ஆனால் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. காலையில் வந்தான், குனிந்தான், குச்சியைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் இல்லை. திரும்பச் செருகினான். மறுநாளும் வந்தான், குனிந்தான், பிடுங்கிப் பார்த்தான். இப்படியே நடந்தது. நூல் போல அரும்பிய வேர் ஒவ்வொரு நாளும் அறுந்தது. தோட்டக்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். ராஜாவிடம் போய் "பிடுங்காதீங்க" என்று யார் சொல்வது? குச்சி காய்ந்தது. தோட்டக்காரனுக்குச் சவுக்கடி விழுந்தது.

அடுத்து மருத்துவனிடம் வந்தது. அவன் புதுக் குச்சி நட்டு, கஷாயம் ஊற்றி, ஈரத்துணியைச் சுற்றி மூடி வைத்தான். குச்சி மளமளவென்று துளிர்த்துவிட்டது. ராஜாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. உடனே முரசு கொட்டினார்கள். கூடாரம் பிரித்து, சமைத்துக்கொண்டிருந்த சோற்றைப் பாதி வேக்காட்டிலேயே தின்றுவிட்டுப் படை கிளம்பியது. அந்தச் சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். நொண்டிக்கொண்டிருந்தவன்கூட முன்னால் நடந்தான்.

ஆனால் குச்சிக்குள் கட்டுச்சோறு போலக் கொஞ்சம் சத்து இருக்கும். அதைத் தின்று முதல் இலையை விட்டுவிடும். கீழே வேர் இருக்காது. பாதி வழிக்கு மேல் வந்து, நெடுங்குன்றூர் மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்த இடத்தில் இலை வாடித் தொங்கியது. ராஜா வந்தான், குனிந்தான், பிடுங்கிப் பார்த்தான். அடி கறுத்து அழுகியிருந்தது.

"இங்கயே தங்குங்க" என்றான்.

நிழல் இல்லாத பொட்டல் அது. தண்ணீருக்கு வெகுதூரம் போக வேண்டும். அதையெல்லாம் தாங்கிக்கொண்டார்கள். எதிரே சொந்த ஊர் மலையைப் பார்த்துக்கொண்டு படுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பெரிய பெரிய வீரர்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினார்கள்.

மணலில் இருந்த குச்சிகளில் மற்றவை வற்றிப்போய், ஒன்றுதான் மிச்சம். கட்டைவிரல் பருமன், கோணல் வேறு. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் இரவுக் காவல் பார்க்கும் அழிசியின் தலையில் கட்டினார்கள்.

அழிசிக்கு மரம் வளர்க்கத் தெரியாது. ஈட்டி பிடிக்கத் தெரியும், விழித்திருக்கத் தெரியும். கிளம்பும்போது அவன் மனைவி எயினி வயிற்றுப்பிள்ளைக்காரி. பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியாது. எதிரே மலை தெரிகிறது, பிள்ளை முகம் தெரியவில்லை. அவனுக்கு அதுதான் கவலை, குச்சியைப் பற்றி ஒன்றுமில்லை.

தோட்டக்காரன் செய்தது போலவே நட்டு, தட்டின் பக்கத்தில் ஈட்டியோடு நின்றான். விடிந்தது. ராஜா வந்தான், குனிந்தான், கையை நீட்டினான். அழிசி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

துணிச்சல் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

"விலகு" என்றான் ராஜா.

"இது என்னதுங்க மகாராஜா?"

"என் காவல் மரம்."

"காவல் மரத்தைத் தொட்டவன் கைய வெட்டணும்னு சட்டம் இருக்குதுங்க. உங்க தாத்தா போட்டது."

"என் கையையே வெட்டுவியா?"

"காவல்காரன் வெட்டித்தான் ஆகணும். அப்புறம் என் தலை போவும், அது வேற. இல்லைன்னா இது காவல் மரம் இல்ல, வெறும் குச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஒரு குச்சிக்காக நாங்க இத்தனை பேரும் இந்தப் பொட்டல்ல ஏன் கிடக்கணும்? இப்பவே மூட்டை கட்டிடறோம்."

சோறு கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். ராஜாவின் கை அந்தரத்தில் நின்றது. குச்சி என்று சொன்னால் ஊருக்குப் போக வேண்டும். மரம் என்று சொன்னால் தொடக் கூடாது. மூன்றாவதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ராஜா கையை மெல்ல மடக்கிக்கொண்டான்.

"காவல் மரம்தான்" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போனான்.

அதன் பிறகு தினமும் வந்து எதிரே உட்காருவான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான், பாவம். குச்சி துளிர்த்தது. யாரும் முரசு கொட்டவில்லை. வெப்பக் காற்றில் துளிர் கருகியது. யாரும் அழவில்லை, அதற்கும் தெம்பில்லை. கொஞ்ச நாள் கழித்து மறுபடி துளிர்த்தது, இந்த முறை இலை சிறிதாகவும் தடிப்பாகவும் இருந்தது. அதற்குள் ராஜாவும் அலுத்து, வருவதையே விட்டுவிட்டான். மழை வந்து போனது. அழிசி தண்ணீர் ஊற்றினான், நின்றான், மலையைப் பார்த்தான்.

ஒரு நாள் ராஜா வந்து, "தட்டைத் தூக்கலாமில்ல? தட்டு மரம் இல்லையே" என்று கேட்டான். அழிசி யோசித்துவிட்டு ஈட்டியை விலக்கிக்கொண்டான்.

ராஜா தட்டைப் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. படுத்துக் கீழே பார்த்தான். தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டை வழியாக விரல் பருமனில் ஒரு வேர் இறங்கி, அந்தப் பொட்டல் மண்ணுக்குள் போயிருந்தது.

சேனாதிபதி ஓடி வந்தான். "வேரை வெட்டிட்டுத் தட்டை எடுத்துக்கலாம் மகாராஜா. தட்டுல வளக்கற மரம்னா வேரை வெட்டித்தான் ஆகணும். அப்புறம் கொஞ்ச நாள் இங்கயே வெச்சு, பிழைக்குதான்னு பாத்துட்டு..."

கொஞ்ச நாள் என்ற சொல் காதில் விழுந்ததும் படை முழுவதும் ஒரே பெருமூச்சு விட்டது. ராஜா அதைக் கேட்டான். முதல் முறையாகக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"நீ என்ன சொல்ற?" என்று அழிசியிடம் கேட்டான்.

"எனக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க மகாராஜா. அந்த மலைக்குப் போற வழி தெரியும்."

ராஜா மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். "வேர் பிடிச்சா போலாம்னு சொன்னேன். பிடிச்சிடுச்சு. கிளம்புங்க" என்றான். தட்டும் மரமும் அங்கேயே இருந்தன.

ஊர் வாசலில் ராஜா குதிரையை விட்டு இறங்கினான். தலை குனிந்துகொண்டு, யார் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வதென்று நடந்து போனான். ஒருவரும் திட்டவில்லை. ஒருவரும் அவனைப் பார்க்கவே இல்லை. பெண்கள் வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எயினி அழிசியின் கையைப் பிடித்து, "ஏன் இப்படி இளைச்சுப்போயிட்ட?" என்று கேட்டாள். அவள் சேலைக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை நின்றது. நன்றாக நடக்கிற வயது. அழிசி குனிந்து கை நீட்டினான். அது யாரோ என்று பயந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. அவன் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

அதைப் பார்த்துவிட்டு ராஜா எயினியிடம் வந்தான். "காவல் மரம் இல்லாம வந்திருக்கேன் தாயீ. மரம் எங்கேன்னு கேக்க மாட்டீங்களா?"

"எந்த மரம் மகாராஜா?" என்றாள் அவள். "அத்தியா? வெட்டிப்போட்ட மீதியை அந்த மழைக்காலத்துலயே அடுப்புல வெச்சு எரிச்சிட்டோமே. நாங்க ஆளுங்க வர்ற வழியைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்."

ராஜா குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

குச்சியை நம்பாமல் பிடுங்கினான், ஊரை நம்பாமல் வெளியே நின்றான், அந்தக் குழந்தை அப்பனைத் தெரியாமல் வளர்ந்தது. நம்பி விட்டுவைக்கத் தெரியாதவன் தன் சந்தேகத்துக்கு அடுத்தவர்களின் நாட்களைத்தான் செலவழிக்கிறான்.