ஒற்றைக் கையால் திறந்த சீர்ப்பெட்டி

இக்கதையைச் சொன்னவர், சங்கரன்கோவிலில் ரிப்பனும் வளையலும் விற்கும் சிறு கடை வைத்திருந்த உலகம்மாள். கேட்ட காலம் 1991 சித்திரை, ஒரு மதிய வேளை. கதை சொல்லப்பட்டது, மதியத் தூக்கத்துக்கு மறுத்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை மகள், ஆறு வயதுப் பூரணிக்கு. உலகம்மாளின் வாய்மொழியை மாற்றாமல் தருகிறேன். குழந்தை ‘ம்’ கொட்டிய இடங்களையும் விடவில்லை. அந்த ‘ம்’ வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அவர் கதையை நகர்த்தினார்.

*

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா பேரு கோமு, தங்கச்சி பேரு செவந்தி. ஆத்தாளும் கிடையாது, அப்பனும் கிடையாது. கோமு கையில ஒரு குச்சி, குச்சி முழுக்கக் கலர் கலரா ரிப்பன். தெருத்தெருவாப் போயி முழம் போட்டு விப்பா. அதுலதான் ரெண்டு பேருக்கும் கஞ்சி. என்னட்டி, கேக்கியா?

ம்.

அப்போ, பக்கத்து ஊர்ல ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுப் பையன் பாலையா சந்தையில செவந்தியப் பாத்தான். செவந்தியும் பாத்தா. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. ஆனா அந்த வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு வீட்டுச் சீர்ப்பெட்டி கட்டோட வரணும். மணவறையில மாப்பிள்ளை பொண்ணோட வலது கையைப் பிடிச்சுக்குவான். மேளக்காரர் நூறு அடி அடிக்கிறதுக்குள்ள அவ இடது கையால பெட்டியத் திறக்கணும். கத்தி படக் கூடாது, பல்லு படக் கூடாது, இன்னொருத்தர் கை படக் கூடாது. திறந்தாத்தான் தாலி. திறக்கலேன்னா பெட்டியும் பொண்ணும் வந்த வண்டியிலேயே வீட்டுக்கு.

அப்படி எத்தனை பேரு திரும்பிப் போயிருக்கா தெரியுமா? ஆறு பேரு.

ம்.

அந்த ஆறு வீட்டுக்காரங்களும் என்ன செஞ்சாங்க? வழியில அவிழ்ந்துரக் கூடாதுன்னு இறுக்கிக் கட்டிக் கொண்டாந்தாங்க. பாலையாவோட ஆத்தாளுக்கு, அந்த மாமியாக்காரிக்கு, அதுல ஒரு பெருமை. எம் மருமவளா வாரவளுக்குக் கையில வித்தை இருக்கணும்னு ஊரெல்லாம் சொல்லுவா. பாலையாவுக்குத்தான் மீசையில ஒண்ணு ரெண்டு வெள்ளை விழுந்து போச்சு.

அப்புறம் கோமு யோசிச்சா. நேரா கயித்துக்கார சித்தப்பாகிட்டப் போயி, பெட்டியக் கட்டித் தாங்கன்னு கேட்டா. அவரு காலைப் பெட்டி மேல வச்சு, இழு இழுன்னு இழுத்து, ஒம்பது முடிச்சுப் போட்டாரு. கோமு அதை மாட்டு வண்டியில வச்சு ஊரைச் சுத்துனா. கடக் கடக் கடக். பெட்டி அசையல. அப்புறம் செவந்தியோட வலது கையைத் தான் பிடிச்சுக்கிட்டு, திறட்டின்னா. செவந்தி கீறுனா, பிராண்டுனா, நகம் பிஞ்சு போச்சு. முடிச்சு சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ம்.

அப்புறம் பூக்காரி அக்காகிட்டப் போனா. அவ வாழை நாரு எடுத்து, பூ தொடுக்கிற மாதிரி லேசா ஒரு சுத்து, ஒரு சுருக்கு. இடது கை சுண்டு விரல் பட்டாலே அவிழுது. கோமுவுக்குச் சந்தோசம். வண்டியில வச்சா. கடக் கடக்… ரெண்டாவது பள்ளத்துல படார்னு மூடி தெறிச்சு, சேலை ஒரு பக்கம், குங்குமச் சிமிழ் ஒரு பக்கம். பின்னால வந்த ஆடு சேலைய மோந்து பாத்துச்சு.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. செவந்தி அன்னிக்குச் சோறு திங்கல. அக்கா, நம்ம பெட்டியும் திரும்பிருமோன்னு கேட்டா. கோமு சீப்பை எடுத்தா. சாயங்காலம் ஆச்சு, தலை வாரணும், வாட்டின்னா. செவந்தி வந்து உக்காந்தா. பழக்கத்துல பின்னால கையைக் கொண்டு போயி, பாக்காமலே, சடையில இருந்த ரிப்பனோட வாலை ஒரு இழு. சர்ர்ர். முழுசா வந்துருச்சு.

கோமு சீப்பைக் கீழ போட்டுட்டா.

காலையில கட்டுன ரிப்பன் அது. நாளெல்லாம் ஓடியிருக்கா, குதிச்சிருக்கா, தண்ணி சுமந்திருக்கா. அப்பல்லாம் அவிழல. இப்போ ஒரே இழுப்புல அவிழ்ந்துருச்சு.

ம்.

அப்போ கோமு குச்சியில இருந்த நல்ல செவப்பு ரிப்பன் ஏழு முழத்தை உருவுனா. பெட்டிக்குக் குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு, நடு மூடியில ரெண்டு காது வச்சுப் பூ முடிச்சு. வாலை மட்டும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் தொங்க விட்டா. பாத்தவங்க, என்னம்மா, ரிப்பனுக்கு வெலை இல்லையா, இம்புட்டு வீணாக்குதியேன்னாங்க. அவ கேக்கல. வண்டியில வச்சா. கடக் கடக் கடக். பூ ஆடுச்சு, அவிழல.

விடிஞ்சா கல்யாணம். பந்தல்ல பெட்டியக் கொண்டு போயி வச்சதும், சனமெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. சீர்ப்பெட்டிக்குச் சடை ரிப்பனான்னு. மாமியாக்காரி கிட்ட வந்தா. சும்மா பாத்தாளா? கட்டு சரியா இருக்கான்னு பாக்குதேன்னு சொல்லிக்கிட்டு, ரெண்டு காதையும் ரெண்டு கையால பிடிச்சு, விசுக்குன்னு இழுத்தா.

பூ முடிச்சுல காதை இழுத்தா என்னாகும்? இறுகும். காது பெருசாகப் பெருசாக, வால் உள்ள போகும். வால் முழுசா உள்ள போயிட்டா அம்புட்டுத்தான், கயித்துக்கார சித்தப்பா முடிச்சுதான். வால் சுருங்குது, சுருங்குது… கோமு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கா. ஒரு முழ வால் ஒரு சாண் ஆகி நின்னுருச்சு.

ம். பெரியம்மா, போதுமா ஒரு சாண்?

மேளம் தொடங்கிருச்சு. டும், டும், டும். பாலையா செவந்தி கையைப் பிடிச்சான். பிடிச்சுக்கிட்டு மெல்லச் சொன்னான்: “எப்படியாவது திறந்துரு தாயி. இது எனக்கு ஏழாவது பந்தல்.”

செவந்தி சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இடது கையை நீட்டுனா. காதைத் தொடல. கட்டைத் தொடல. வாலைப் பிடிச்சா. ஒரு இழு.

சர்ர்ர்ர்ர்.

மேளக்காரர் ஒம்பதாவது அடி அடிக்கக் குச்சியத் தூக்குனவரு, தூக்குன மேனிக்கே நின்னுட்டாரு. ஏழு முழமும் பெட்டியில இருந்து வழுகி, மணவறையில செவப்பா ஓடுது. மூடி திறந்து கிடக்கு. சனமெல்லாம் குலவை போட்டுச்சு. பாலையா தாலியத் தேடுத அவசரத்துல தேங்காயத் தட்டி விட்டான்.

மாமியாக்காரி கோமுவைப் பாத்தா. என்ன சொல்லப் போறாளோன்னு பந்தலே பாத்துச்சு. அவ சொன்னா: “சம்பந்தி, முன் வரிசையில வந்து உக்காருங்க. நீங்க ஏன் நிக்கிய?”

தெருத்தெருவா நின்னே வித்தவ, அன்னிக்குப் பெரிய வீட்டுச் சம்பந்தியா உக்காந்தா. பந்தியில முதல் இலை அவளுக்கு.

பெட்டி திறந்தாச்சு, பூரணி. நீ கண்ணை மூடு.

*

இதே கதையைக் கயத்தாறு பக்கத்தில் இருவர் வேறு முடிவோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே மாமியார் இழுத்த இழுப்பில் வால் முழுவதும் உள்ளே போய்விடுகிறது, முடிச்சு அவிழவில்லை. நூறாவது அடி விழுமுன் மாப்பிள்ளை தானே பெண்ணின் கையை விட்டுவிட, அவள் இரு கைகளாலும் பெட்டியைத் திறக்கிறாள். வழக்கம் அன்றோடு ஒழிகிறது. அந்த வடிவத்தை உலகம்மாளிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “மேளம் அடிக்கும்போதே கையை விட்டுட்டான்னா, அப்புறம் அவன் என்ன மாப்பிள்ளை?” என்றார். பூரணி அதற்குள் தூங்கியிருந்தாள்.