கஜகேசரிக்கு அரண்மனை பொருந்துமா?

எங்கள் பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில் சொன்னார்: "நாயை வீட்டுக்குக் கொண்டுவருகிறதுக்கு முன்னாலே, வீட்டை ஒரு தடவை அந்த நாயினுடைய..." கண்ணால் பார் என்றாரா, காதால் கேள் என்றாரா, எனக்கு நினைவில்லை. அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. மேளம் ஓய்ந்த பிறகு அவர் சொன்ன கதை மட்டும் அப்படியே இருக்கிறது.

நெடுங்காவூரை ஆண்டவர் இரட்டைக்குடை ராயர். ராஜ்யம் சின்னது, மரியாதைகள் பெரியவை. ராயர் வாசல்படி தாண்டினால் இரண்டு குடை விரியும். சங்கு ஊதும், முரசு அதிரும். கட்டியக்காரன் இருபத்திரண்டு பட்டங்களையும் தொண்டை கிழியச் சொல்வான். இதில் ஒன்று குறைந்தாலும் ராயர் காலமாகிவிட்டார் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். ஒருமுறை முரசுக்காரனுக்கு விக்கல் வந்து நாலு அடி தவறிவிட்டது. சாயங்காலமே பக்கத்து ராஜ்யத்திலிருந்து துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு கப்பல் வியாபாரி ஒரு நாயைக் கொண்டுவந்து காணிக்கையாக வைத்தான். இன்றைக்கு டாய் டெரியர் என்கிறோமே, அந்த இனம். உள்ளங்கையில் உட்காரும். கால்கள் ஈர்க்குச்சி மாதிரி. குட்டி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வளர்ந்து முடிந்த நாய், இனி வளராது என்று வியாபாரி சத்தியம் செய்தான். ராயர் அதற்கு கஜகேசரி என்று பெயர் வைத்தார்.

"இந்த அரண்மனையில் என்னைக் கண்டதும் குனியாத ஜீவன் இது ஒன்றுதான்" என்று சொல்லி அதை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விபரீதம் ஆரம்பித்தது. வேலையாட்கள் தூக்கிப்போனால் கஜகேசரி வெளியே ஒன்றுக்குப் போக மறுத்தது. உள்ளே வந்ததும் சிம்மாசனத்தின் அடியில் போனது. மனு கொடுக்க வருகிறவர்கள் நெற்றி வைத்து வணங்கும் இடம் அது. பாலையும் தொடவில்லை. உடம்பு ஓயாமல் நடுங்கியது.

தளவாய் சூரப்பனுக்கு இது நல்ல சமயம். ராயரின் விகடத் தோழர் வெள்ளியம்பலத்தின்மேல் அவருக்கு வெகுநாள் பொருமல்.

"மகாராஜா, இந்த நாய் நம் அரண்மனைக்குப் பொருந்துமா என்று வெள்ளியம்பலமே தீர்மானிக்கட்டும். அவருக்குத்தான் சகலமும் தெரியுமே! பொருந்தாது என்றால் அரண்மனையில் குறை கண்டதாக ஆகும், ஊரைவிட்டு அனுப்பலாம். பொருந்தும் என்று சொல்லி, நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால், அப்போதும் அனுப்பலாம்."

"எப்படியும் அனுப்புவதாகத்தான் இருக்கிறீர்கள்" என்றார் வெள்ளியம்பலம். "வண்டி பூட்டியாயிற்றா?"

ராயர் சிரிக்கவில்லை. மடியில் நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. "நாளை சபை கூடும்போது பதில் வேண்டும், ஐயா. இது பிழைக்க வேண்டும். இது என்னோடும் இருக்க வேண்டும்."

"அப்படியானால் இன்று ஒரு நாள் மகாராஜாவே இதை வெளியே கூட்டிப்போக வேண்டும். ஐந்து வேளை. நாய் எஜமானோடு போகத்தான் ஆசைப்படும்."

ராயர் எழுந்தார். சபை முழுவதும் எழுந்தது. படி தாண்டினார். குடை விரிந்தது, சங்கு ஊதியது, முரசு இடித்தது. "எட்டுத்திக்கும் நடுங்க வரும்..." என்று கட்டியக்காரன் ஆரம்பித்தான். எட்டுத்திக்கு எப்படியோ, கஜகேசரி நடுங்கியது. ராயரின் அங்கிக்குள் புகுந்து கக்கத்தில் ஒளிந்துகொண்டது. பட்டங்கள் முடிந்து திரும்பி வந்தார்கள். சபை உட்கார்ந்தது. நாய் இறங்கிப்போய்ச் சிம்மாசனத்தின் அடியில் வேலையை முடித்தது.

ஐந்து வேளையும் இதே கதை. நாலாவது தடவை எழும்போது கிழட்டுக் கணக்கர் ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது தடவை ராயரே கத்தினார்: "அந்த முரசை நிறுத்தித் தொலையேன்!"

"நிறுத்தலாம், மகாராஜா" என்றார் தளவாய். "துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு எங்கே இடம் ஒதுக்கட்டும்?"

மறுநாள் சபை கூடியது. தளவாய் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பொருந்துமா, பொருந்தாதா?" என்றார் ராயர்.

"அரண்மனைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது" என்றார் வெள்ளியம்பலம். "முரசுக்குத்தான் பொருந்தவில்லை."

"முரசு மகாராஜாவை விட்டுப் பிரியாது!" என்று துள்ளினார் தளவாய். "அது நம் மரபு."

"மரபை நான் தொடுவேனா? ஒரு சந்தேகம்தான். போன மாசியில் உங்கள் மகன் கல்யாணத்துக்கு மகாராஜா வந்தாரா?"

"மகாராஜாவின் வாள் வந்தது. நான்தான் ஏந்தி வந்தேன். அந்த வாளைத் தொட என் ஒருவனுக்குத்தான் பாத்தியதை."

"குடை?"

"வந்தது. இரண்டும்."

"சங்கு, முரசு, இருபத்திரண்டு பட்டம்?"

"எல்லாம் வந்தது! வாள் இருக்கும் இடத்தில் மகாராஜா இருக்கிறார். அதுவும் மரபுதான்."

"சரி. மகாராஜா, அந்த நேரம் தாங்கள் எங்கே இருந்தீர்கள்?"

ராயர் யோசித்தார். "மாடியில். பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்."

"முரசு சத்தம் கேட்டதா?"

"இல்லை."

"யாராவது துக்கம் விசாரிக்க வந்தார்களா?"

சபையில் யாரோ களுக்கென்றார்கள். தளவாயின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. ராயர் முதலில் வெள்ளியம்பலத்தைப் பார்த்தார். பிறகு தளவாயைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மடியிலிருந்த நாய் விழித்துக்கொண்டு அவர் மூக்கை நக்கியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்தின் கையில் கொடுத்துவிட்டு, ராயர் ஓலை எழுதச் சொன்னார்.

இன்று தொடங்கி, நாள்தோறும் ஐந்து வேளை, இரட்டைக்குடை, சங்கு, முரசு, இருபத்திரண்டு பட்டங்கள் சகிதமாக, ராயரின் வாளை ஏந்தித் தளவாய் சூரப்பன் முன்வாசல் வழியாக ஊரைச் சுற்றி வருவார். அதே நேரத்தில் ராயர், கஜகேசரியோடு, பின்வாசல் வழியாகப் போவார்.