ஆறடி தள்ளி நின்றவர்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. நீலக் கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். பெயர் ரெஜினா. தூத்துக்குடியில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார். சீடரின் பெயர் சிவனணைந்த பெருமாள், வயது முப்பத்து மூன்று. குருவைவிட இரண்டு வயது மூத்தவர். ஆகவே சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார், குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். அதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

பெருமாளுக்கு உப்பளத்து எடைமேடையில் வேலை. பிறந்ததிலிருந்தே இருமல். ஆஸ்துமா என்றார்கள். காசநோய் என்று இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா முத்தமிட்டால் உதடு கரிக்குமாம். வேறு ஊராக இருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள். உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளை உப்புக் கரிப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? உப்புக் காற்று என்று விட்டுவிட்டார்கள்.

இருபத்தேழாவது வயதில்தான் நோயின் பெயர் தெரிந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வருவது. வியர்வையில் உப்பு கூடும், சளி பசையாகி நுரையீரலை அடைக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் யாராவது அவர் முதுகைத் தட்டிச் சளியைக் கிளப்ப வேண்டும். அவர் இருமித் துப்ப வேண்டும். முதலில் அம்மா தட்டினார், இப்போது மனைவி சந்தனக்கனி தட்டுகிறார். ஆறு வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு மண்டபத்து அறையில் குப்புறக் கிடக்க, அம்மா முதுகில் சாத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஏதோ சண்டை என்று மாப்பிள்ளைத் தோழன் ஆள் கூப்பிட ஓடினானாம். தட்டி முடித்து, முகம் கழுவி, நேரத்துக்குப் போய்த் தாலி கட்டினார். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை உண்டு. அதை மறைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்தும் அவர் கிளம்பவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“நான் அப்பாவாக முடியுமா?”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“உயிரணு உள்ள உற்பத்தியாகுதாம். அதை வெளிய கொண்டுவார குழாய்தான் பொறப்புலயே இல்லையாம். இந்த நோய் உள்ள ஆம்பளைகள்ல அநேகமா எல்லாருக்கும் அப்படித்தானாம்.”

“பிறகு?”

“ஊசி வச்சு எடுத்து, கனியோட கருமுட்டையில சேத்துப் பாக்கலாம்னாரு. அவ ரத்தத்தையும் சோதிச்சாச்சு. இந்தக் கோளாறு அவகிட்ட தெரியலையாம். ஊசியில கெடைக்கலைனா தானமா வாங்கலாம். அதுவும் வேண்டாம்னா தத்து எடுக்கலாம். மூணு வழி சொன்னாரு.”

“கனி என்ன சொல்லுதாங்க?”

“எந்த வழியா வந்தாலும் எந்திரிச்சுப் பால் காய்ச்சப் போறது நாமதான, இதுல என்ன யோசனைங்கா.”

“சரியாத்தான சொல்லுதாங்க. பிறகென்ன?”

பெருமாள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை மதுரையில் ஊசிக்கு நாள் குறித்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை அவரே தள்ளிப்போட்டிருந்தார்.

“வழி இருக்கு டீச்சர். அதுல போக எனக்கு லாயக்கு இருக்கான்னுதான் தெரியலை. நான் பாதி மூச்சுக்காரன். பிள்ளை ஓடுனா பின்னால ஓட முடியாது. அதுக்குப் பத்து வயசாகும்போது நான் இருப்பனா? டாக்டர் எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு, இதுக்கு மட்டும் ஃபைலைப் பொரட்டிக்கிட்டே இருந்தாரு. நீங்க சொல்லுங்க. போகவா, வேண்டாமா?”

குரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. மாஸ்க் போட்டுட்டு வாங்க. உள்ள வர வேண்டாம். பின்பக்கச் சன்னலுக்கு வெளிய நில்லுங்க.”

“நான் கேட்டதுக்கு…”

“நாளைக்கு.”

பெருமாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த நோய் உள்ள இரண்டு பேர் பக்கத்தில் வரக் கூடாது. ஒருவர் நெஞ்சில் இருக்கும் கிருமி மற்றவருக்குப் போனால் ஆபத்து. குறைந்தது ஆறடி தள்ளி நிற்க வேண்டும். அதனால்தான் டீச்சர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நாள் கொடுப்பார். ஆக, நாளைக்கு உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள்.

மறுநாள் மாஸ்கோடு போய்ச் சன்னலுக்கு வெளியே, ஆறடிக்குப் பத்தடியாகவே தள்ளி நின்றார். உள்ளே விளாத்திகுளத்திலிருந்து வந்த கருத்தப்பாண்டி என்கிற இளைஞர், மடியில் எட்டு மாதப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கு நோய் இன்னதென்று தெரிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. குழந்தையின் மூச்சு கரகரவென்று வெளியே வரைக்கும் கேட்டது.

டீச்சர் எத்தனையோ தடவை செய்து காட்டிவிட்டார். கருத்தப்பாண்டி தட்டுகிறேன் என்று தடவிக்கொண்டிருந்தார். தூங்கவைக்கிற மாதிரி தட்டு. வீட்டில் டீச்சர் இருக்கமாட்டார். தினமும் இரண்டு வேளை இவர்தான் தட்ட வேண்டும்.

“கை வர மாட்டேங்குது டீச்சர். பச்சைப்புள்ளைய எப்படி அடிக்க?”

டீச்சர் பயிற்சிக்கு வைத்திருந்த துணிப் பொம்மையைச் சன்னல் கம்பி வழியாக வெளியே போட்டார்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லிக்குடுங்க.”

பெருமாள் பொம்மையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுபடி தள்ளிப்போய் நின்றார்.

“தம்பி, உள்ளங்கையைக் குவிங்க. தண்ணி அள்ளுத மாதிரி. ம், அப்படித்தான். இப்பத் தட்டுங்க. பொக்குப் பொக்குன்னு சத்தம் வரணும். சுளீர்னு கேட்டா கை தட்டையா இருக்கு. அதுதான் வலிக்கும், இது வலிக்காது.”

“அழுவாளே அண்ணாச்சி.”

“அழட்டும். நீங்க தடவுனா அவளுக்குச் சொகமா இருக்கும், சளி அங்கனயே கெடக்கும். என் வீட்டுக்காரி மெதுவாத் தட்டுன அன்னைக்கு என்னால மாடிப்படி ஏற முடியாது.”

கருத்தப்பாண்டியின் கை நின்றது.

“உங்களுக்கும் இதுதானா?”

“இதேதான்.”

“என்ன வயசு அண்ணாச்சி?”

“முப்பத்து மூணு.”

கருத்தப்பாண்டி குழந்தையைப் பார்த்தார். பிறகு சன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்படி ஒரு வயது தன் மகளுக்கு உண்டு என்று அதுவரை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“வேலைக்குப் போறீயளா?”

“எடைமேடையில. ரெண்டு நாள் லீவு போட்டா முதலாளி மூஞ்சியத் தூக்கிக்கிடுவாரு. அதை விடுங்க, கையைக் குவிங்க. முதுகெலும்பு மேல படக் கூடாது. விலாப் பக்கம். இன்னொரு கையால கழுத்தைத் தாங்கிக்கிடுங்க. இந்தா, இப்படி.”

கருத்தப்பாண்டி தட்டினார். பொக்குப் பொக்கென்று கேட்டது.

“இன்னும் கொஞ்சம் பலமா.”

தட்டினார். குழந்தை வீறிட்டது.

“நிறுத்தாதீங்க தம்பி! வருது, வருது… இப்பக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க.”

குழந்தை இருமியது. முகம் சிவந்து, மறுபடி இருமி, கெட்டியாகச் சளியைக் கக்கியது. ஒரு பெரிய மூச்சு இழுத்தது. அழுகை மெல்ல அடங்கியது. கரகரப்பு குறைந்திருந்தது. அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. கருத்தப்பாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சந்தோஷத்தில் சிரிக்கவும் செய்தார்.

வெளியே பெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பொம்மையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது அவருக்கே தெரியவில்லை. துடைத்துவிட்டு அதன் முதுகை நீவிவிட்டார்.

உள்ளேயிருந்து கருத்தப்பாண்டி அதைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனை பிள்ளைய?”

பெருமாள் பொம்மையைப் பிடித்தபடி டீச்சரைப் பார்த்தார்.

“இனிமேதான் தம்பி,” என்றார் டீச்சர். “நாளைக்கு மதுரைக்குக் கெளம்புதாரு.”