அடிவரி

தென்காசிக்கு மேற்கே மலை அடிவாரத்தில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. மீனலோசனி அம்மை அதை நடத்தி வந்தார். நாற்பதைத் தாண்டியவர். அவருடைய சீடர்களில் சபாநாயகம்தான் வயதில் மூத்தவர். அம்மையைவிடவும் இருபது வயது மூத்தவர். மனைவி குமுதவல்லி காலமானபின் சென்னை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

சென்னையில் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவர் வேலை. இங்கேயும் அதுவே வாய்த்தது. அம்மை பேசியதை மற்றவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். சபாநாயகம் அதைக் கணினியில் புத்தகமாக்குவார்.

அவர் அமைக்கும் புத்தகத்தில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்தின் அடிவரியில் வெறும் பக்க எண்ணோடு விடமாட்டார். அந்த அத்தியாயம் முடிய இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்பதையும் போடுவார். ‘பக்கம் 14. இன்னும் 9.’ கேட்டவர்களிடம், படிக்கிறவர்களுக்கு வசதி என்று மட்டும் சொல்வார்.

அந்த வருஷம் சாரல் தொடங்கிய சமயத்தில், அச்சகத்தார் சொன்னார்கள் என்று ஸ்டைல்ஷீட்டைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எழுத்தின் அளவு, ஓரத்து இடைவெளி, அடிவரி எல்லாவற்றையும் ஆளுகிற கோப்பு அது. மாற்றியதும் எழுத்து முன்னைவிட அழகாக வந்தது. அடிவரிதான் கெட்டுப்போனது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இன்னும் 0’ என்றே நின்றது.

அச்சகத்துக்காரர் போனில் சொன்னார்.

“அதைத் தூக்கிருங்க சார். பக்க நம்பர் இருந்தா போதும். இதெல்லாம் யாரு பாக்கா?”

“நான் பாக்கறேன்,” என்றார் சபாநாயகம்.

ஆசிரமத்தில் அப்போது ஆள் நடமாட்டம் குறைவு. வருகிறவர்கள் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு அங்கிருந்தே ஊர் திரும்பினார்கள். சமையல் பார்க்கும் செண்பகம் அவர் அறை வாசலில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். சில நாள் அது அப்படியே ஆறிக் கிடக்கும். ஓர் அத்தியாயத்தைச் சரிசெய்தால் அடுத்தது கெட்டது. அதைச் சரிசெய்தால் முதலாவது மறுபடி பூஜ்யமானது.

கடைசியில் விஷயம் பிடிபட்டது. பழைய ஸ்டைல்ஷீட் ஒவ்வோர் அத்தியாயமும் எங்கே முடிகிறது என்று தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். புதியதற்கு அந்தக் கணக்குத் தெரியாது. தான் நிற்கிற பக்கத்தையே கடைசிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டது. அத்தியாயத்தின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணும்படி அவர் எழுதிக் கொடுத்தார்.

திரையில் ‘இன்னும் 12’ என்று வந்தது. அடுத்த பக்கத்தில் ‘இன்னும் 11’. புத்தகத்தின் கடைசிவரை தள்ளிப் பார்த்தார். எங்கும் பிசகில்லை.

“வந்துடுச்சு,” என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னபடியே திரும்பிப் பார்த்தார். வெறும் கட்டில் இருந்தது. கொடியில் ஈரத் துண்டு தொங்கியது.

ஓர் அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அம்மை தனியாக உட்கார்ந்திருந்தார். காலையில் கேள்வியோடு வந்த நாலு பேர், பதில் கிடைத்ததும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த பாய் இன்னும் சுருட்டப்படவில்லை.

“அடிவரி சரியாயிடுச்சு அம்மை.”

“நல்லது ஐயா.”

சபாநாயகம் நகரவில்லை.

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இதை யாரும் பாக்கறதே இல்லைங்கறாங்க. செண்பகம்கூடச் சிரிக்கறா. இத்தனை நாள் இதைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தது வேலையா, இல்ல வெறும் வீம்பா?”

 அம்மை எதிரே கிடந்த பாயைக் காட்டினார்.

“உக்காந்து படிங்க.”

“இது நீங்க பேசினதுதானே அம்மை.”

“இருக்கட்டும். நான் கேக்கேன்.”

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். முதலில் சொற்கள் தடுமாறின. குமுதவல்லி போனபின் அவர் யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டியதில்லை. இரண்டு பக்கம் போனதும் குரல் தெளிந்தது. வெளியே சாரல் ஓட்டின் மேல் விழுவதும் அவர் குரலும் மட்டுமே கேட்டன.

அம்மை கண்ணை மூடியிருந்தார். திறக்காமலே கேட்டார்.

“இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?”

சபாநாயகம் அடிவரியைப் பார்த்தார்.

“ஒன்பது அம்மை.”

மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். வேகம் கூடியது. ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்ததற்குத் தாவினார். மூச்சு வாங்கியது.

“ஏன் ஐயா ஓடுதீங்க?”

அவர் நிறுத்தினார். தாளை மடியில் வைத்துக்கொண்டார். 

“அவ படுக்கையில இருந்தப்போ தினமும் சாயங்காலம் வாசிப்பேன். நடுவுல நடுவுல இப்படித்தான் கேப்பா. இன்னும் எத்தனை பக்கம் இருக்குன்னு.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“இருக்கறதைச் சொல்லுவேன். சொல்லிட்டு வேகமா வாசிப்பேன். பாவம், அவளுக்கு அலுத்துப்போச்சு, எனக்காகப் பொறுத்துக்கிட்டுக் கேக்கறான்னு நினைப்பேன். சீக்கிரம் முடிச்சு, புத்தகத்தை மூடி வச்சு, நீ தூங்குன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவேன்.”

சபாநாயகம் மடியிலிருந்த தாளின் அடிவரியை விரலால் தொட்டார்.

“அவ போனப்புறம்தான் அடிவரியில போட ஆரம்பிச்சேன். கண்ணை ஓட்டினா தெரிஞ்சுடும். யாரும் வாயைத் திறந்து கேக்க வேண்டியதில்ல பாருங்க.”

தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டினார். சேர்ந்திருந்ததையே மறுபடி தட்டினார்.

“உங்களுக்கும் அலுப்பா இருந்தா நிறுத்திக்கறேன் அம்மை.”

“அலுப்பு இல்ல.”

“பின்ன ஏன் கேட்டீங்க?”

அம்மை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

“முடிஞ்சதும் நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கள்லா ஐயா.”