பத்து என்று எழுதிய பாட்டில்

மாதேஸ்வரி ஃபுளோரைடு மீட்டரின் எலக்ட்ரோடைக் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றிக்கொண்டிருந்தாள். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். தண்ணீர் சோதிக்கும் அந்தக் கூடத்துக்குப் பாட்டில் கழுவ வந்தவள் அவள். பத்து வருஷத்தில் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டாள்.

இன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்தது அவள் பிறந்த ஊர்த் தண்ணீர். ஊரின் பழைய கிணற்றில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறி, சிலருக்கு முட்டியும் வளைந்து போயிருந்தது. அவள் அண்ணன் வேடியப்பன் தன் நிலத்தில் புதிதாக போர்வெல் போட்டு, அந்தத் தண்ணீரோடு வந்து வெளியே காத்திருந்தார். குடிக்கலாம் என்று ஒரு சொல் வந்தால் போதும், ஊருக்குப் போன் போட்டுக் குழாயைத் திறக்கச் சொல்லிவிடுவார்.

லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கலாம். மாதேஸ்வரிக்கு வந்த விடை ஒன்று புள்ளி நாலு அஞ்சு.

தாளை ருக்சானாவிடம் நீட்டினாள். கூடத்தின் கெமிஸ்ட். மாதேஸ்வரியைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆனால் கையெழுத்துப் போடுவதும் அவள்தான், கற்றுக்கொடுப்பதும் அவள்தான்.

ருக்சானா பேனாவைத் திறக்கவில்லை.

"மீட்டர் என்னக்கா காட்டுச்சு?"

"ஒண்ணுன்னு எழுதின பாட்டிலுக்கும் இதுக்கும் இருபத்திரண்டு மில்லிவோல்ட் வித்தியாசம் மேடம். ஐம்பத்தொன்பதால வகுத்து, லாக் கணக்கைத் திருப்பிப் போட்டேன்."

"எந்த லாக்கை? பத்து அடியா, 'இ' அடியா?"

"எதுவா இருந்தா என்ன மேடம்? ரெண்டும் லாக்தானே!" மாதேஸ்வரி சிரித்தாள்.

ருக்சானா சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து, ஃபுளோரைடை அளந்து கலந்து பத்து என்று எழுதிய பாட்டிலை எடுத்து வைத்தாள்.

"இதைப் பாருங்க."

மாதேஸ்வரி பார்த்தாள். இந்த முறை வித்தியாசம் ஐம்பத்தொன்பது. வகுத்தால் ஒன்று. கால்குலேட்டரில் அதே பட்டனை அமுக்கினாள். இரண்டு புள்ளி ஏழு என்று வந்தது.

"பாட்டில்ல என்ன போட்டிருக்கு?"

"பத்து."

"யாரு போட்டது?"

"நான்தான். காலையில எடை போட்டுக் கரைச்சதும் நான்தான்."

"அப்போ பாட்டில் பொய் சொல்லுதா?"

மாதேஸ்வரி தன் விரலைப் பார்த்தாள். அது 'இ' பட்டன் மேல் இருந்தது. முன்பு இருந்த சார், இருபத்தைந்து புள்ளி ஏழால் வகுத்து 'இ' பட்டனை அமுக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் மாற்றலாகிப் போனதும், ருக்சானா வந்து மீட்டர் மேல் ஐம்பத்தொன்பது என்று ஒட்டினாள். அந்த எண்ணுக்குப் பத்தின் பட்டன். எண் புதிதாகிவிட்டது, இன்றைய அவசரத்தில் விரல் மட்டும் பழைய இடத்துக்கே போயிருந்தது.

பத்தின் பட்டனை அமுக்கினாள். பாட்டிலுக்குப் பத்தே வந்தது. ஊர்த் தண்ணீருக்கு இரண்டு புள்ளி மூணு ஆறு.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளைங்க குடிச்சிருக்குமே மேடம்."

ருக்சானா பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தாள்.

"ரெண்டு லாக்ல எதை வெச்சுக்கிட்டா தப்பே வராது? அதை மட்டும் சொல்லிடுங்க. இன்னொண்ணை நான் தொடவே மாட்டேன்."

"பழைய சார் வழியிலயே முழுசாப் போடுங்க."

போட்டாள். இரண்டு புள்ளி மூணு அஞ்சு.

"ரெண்டும் ஒரே இடத்துக்குத்தானே வருது!"

"ஆமா."

"அப்போ நான் எங்க தவறினேன்?"

ருக்சானா முதல் தாளை எடுத்து அவள் முன் வைத்தாள். ஒன்று புள்ளி நாலு அஞ்சின் கீழே மாதேஸ்வரி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"முதல் தடவையே ரெண்டு புள்ளி மூணு ஆறுன்னு வந்திருந்தா, இப்படிக் கோடு போட்டு நீட்டியிருப்பீங்களா? இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருப்பீங்களா?"

மாதேஸ்வரி வாயெடுத்தாள்.

"நான் வந்து மேடம், எங்க அண்ணன்..."

"மாதேசு!" வெளியிலிருந்து வேடியப்பன் குரல் கொடுத்தார். "ஊருக்குப் போன் போட்டுறட்டுமா?"