பாலத்தின் மேல் மூன்று பேரும் ஒரு நாயும்

தலையாட்டிப்பாளையத்தார் சொன்ன சொல் தட்டாதவர்கள். சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று துருவிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் கொள்கை. அப்பேர்ப்பட்ட ஊரில் நாச்சிமுத்து என்ற நல்ல மனிதருக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது.

ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. முழங்கால் ஆழம்தான். ஆனால் நாச்சிமுத்துவின் மகள் பூங்கோதையை நிச்சயம் செய்ய வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா ராமாத்தாள் பட்டுச்சேலையோடு அதில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்றே ஒன்று சொன்னார். “தை முகூர்த்தத்துக்குப் பாலம் இருந்தா வர்றோமுங்க. இல்லீன்னா வேற இடம் பாத்துக்குங்க.” அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே மகள். பையனையும் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது.

யூனியன் ஆபீஸ் என்ஜினியர் நல்லவர். பாலத்துக்கு உடனே சரி சொல்லிவிட்டார். விவரம் தெரிந்த ஆளைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் பாலத்துக்கு மாடல் போட்டு வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். “அதுல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஒண்ணையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது” என்றார். பாவம், கம்பியையும் சிமெண்டையும் மனதில் வைத்துச் சொன்னார்.

நாச்சிமுத்துவும் அவருடைய பங்காளிகள் சென்னியப்பனும் ராக்கியண்ணனும் டவுன் பஸ் ஏறினார்கள். விவரம் தெரிந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வழியெல்லாம் பேச்சு.

“பாலம்னா எதுக்குப் பயப்படறோம்? விழுந்துருமேன்னுதானே” என்றார் ராக்கியண்ணன். “அப்ப விழுகறதைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆளுதான் நமக்கு வேணும்.”

“அப்படீன்னா அவரு நாலு பாலத்தையாவது விழ வச்சிருக்கோணும்” என்றார் சென்னியப்பன்.

இதில் குறை சொல்ல நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் பார்த்தவர் முப்பது வருஷ அனுபவசாலி. அவர் போட்ட பாலம் இதுவரை ஒன்றுகூட விழுந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். மூவரும் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்துவந்தார்கள். இரண்டாமவர் மிகவும் தயங்கி, ஒரே ஒரு மதகில் விரிசல் விட்டதை ஒப்புக்கொண்டார். ராக்கியண்ணன் அவர் முதுகில் தட்டி, இன்னும் வயசிருக்கிறது, போகப் போகக் கத்துக்கலாம் என்று தைரியம் சொன்னார்.

மூன்றாவது ஆள் பேக்கரி மாடியில் ஆபீஸ் வைத்திருந்த தாரணி. ஓடையின் அகலத்தைக் கேட்டாள். தட்டினாள். திரையில் ஒரு பாலம் வந்தது. அதன்மேல் இரண்டு கரும்பு லோடு ஏற்றியதும் நடுவில் சிவந்து, வளைந்து, மடிந்து விழுந்தது. கம்பியை மாற்றிவிட்டு வெள்ளத்தை விட்டாள். தூண் சாய்ந்தது. தூணை மாற்றினாள். இந்தத் தடவை பாலம் கரையையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. எங்கே பலவீனம் என்று பார்க்கத்தான் அவள் இதைச் செய்தாள். மூவரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்கள்.

“கால் மணி நேரத்துல மூணு பாலம்” என்றார் சென்னியப்பன். “இந்தக் கை வேற யாருக்கு வரும்?”

பாலம் விழுந்தபோது மேலே யாராவது இருந்தார்களா என்று மட்டும் நாச்சிமுத்து கேட்டுக்கொண்டார். இல்லை என்றதும்தான் மூச்சு வந்தது. நான்காவது பாலம் என்ன செய்தும் விழவில்லை. மூவருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிள்ளை களைத்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

தாரணி கம்பிக் கணக்கெல்லாம் தனியாகக் கொடுத்தாள். ஊரில் காட்டுவதற்கு இருக்கட்டும் என்று ஒரு கலர் படமும் போட்டுக் கொடுத்தாள். படம் பார்க்க வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று பாலத்தின்மேல் மூன்று பேரையும் ஒரு நாயையும் சேர்த்திருந்தாள். நீலச் சட்டைக்காரன் ஒருவன் காதில் செல்போனை வைத்துக் கிழக்கே போகிறான். மஞ்சள் குடை பிடித்த பெண் மேற்கே போகிறாள். அரை டவுசர் போட்ட ஒருவன் ஒரு காலைத் தூக்கி ஓடுகிறான். நாய் சும்மா நிற்கிறது.

கொத்தனார் கணக்குப்படியே கட்டினார். மார்கழிக் கடைசியில் பாலம் யானை நடந்தாலும் தாங்குகிற மாதிரி கெட்டியாக எழுந்து நின்றது. கொத்தனார் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார். ஆனால் நாச்சிமுத்து படத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேலை இன்னும் முடியவில்லை என்றார்.

சென்னியப்பன் நீலச் சட்டை போட்டு, காதில் போனோடு போய் நின்றார். போன் அடித்தால் பேசமாட்டார். படத்தில் வாய் மூடியிருந்தது. அவர் மனைவி குடையோடு நின்றாள். வீட்டில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றாள். ராக்கியண்ணன் மருமகனுடைய டவுசரைப் போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். கால் கடுத்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம், எண்ணிக்கை மட்டும் மாறக் கூடாது என்று பஞ்சாயத்தில் முடிவானது. நாய்தான் ஒத்துழைக்கவில்லை. என்ஜினியர் சொன்னது அதற்குத் தெரியாது. எலும்பு கொடுத்துக் கட்டிவைத்தார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்கிற கதையாக, ஊர் ஜனம் பழையபடி ஓடையில் இறங்கியே நடந்தது. அண்ணாந்து பார்த்து, மேலே நிற்பவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனது.

முகூர்த்த நாள் வந்தது. அக்கரையில் மாப்பிள்ளை வீட்டு வேன்களிலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள். புதுப் பட்டில் ராமாத்தாள் முன்னால் நின்றார். நாச்சிமுத்து ஓடையில் இறங்கி அக்கரை ஏறி, பாலத்தைப் பெருமையாகக் காட்டிவிட்டு, எல்லாரையும் தண்ணீரில் இறங்கி வரும்படி கையெடுத்துக் கும்பிட்டார்.

ராமாத்தாள் ஓடையைப் பார்த்தார். ஒரு காலை மறுபடியும் வேனில் வைத்தார். நாச்சிமுத்து ஓடிப்போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த தாரணி லேப்டாப் பையோடு ஓடிவந்தாள். “ஐயா, அவங்கெல்லாம் சும்மா அழகுக்குப் போட்டதுங்க. எல்லாரும் ஏறி வரலாம்” என்றாள்.

“அழகைக் குறைக்கலாம்னு என்ஜினியர் சொல்லலியே, அம்மிணி” என்றார் நாச்சிமுத்து.

முகூர்த்தத்துக்கு அரை மணிதான் இருந்தது. சென்னியப்பன் மேலே நின்றபடியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆள் மாறலாமே. மாப்பிள்ளை நீலச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், பெண் குடையைப் பிடிக்கட்டும், சடங்கு நடத்தும் அருமைக்காரர் டவுசரைப் போட்டுக்கொள்ளட்டும். பாலத்திலேயே தாலி கட்டிவிடலாம். அருமைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு நல்ல காரியத்துக்கு முன்னால் வயசென்ன என்று காலைத் தூக்கி நின்றார்.

எல்லாம் கூடிவந்தது. ஆனால் மாப்பிள்ளை கிழக்கே பார்த்து நின்றான், பெண் மேற்கே பார்த்து நின்றாள். ஒரு கையில் போன். மறு கையில் தாலியை வைத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் துழாவினான். தாலி இரண்டு தடவை குடைக்கம்பியில் மாட்டியது.

நாச்சிமுத்துவால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. தாய் இல்லாத பெண். தாலி ஏறும்போது புருஷன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நிற்கிறாளே என்று பெற்ற மனம் கேட்கவில்லை. “அம்மிணி, உங்க கையில பாலமே விழுகுது” என்றார் தாரணியிடம். “இவங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் திருப்பி விட மாட்டீங்களா?”

இவர்களோடு எப்படிப் பேசுவது என்று தாரணிக்கு அப்போது புரிந்துவிட்டது. லேப்டாப்பை வேன் படியில் வைத்துத் தட்டினாள். படத்தில் இருவரும் திரும்பினார்கள். அதைத் தூக்கிக் காட்டியதும் பாலத்திலும் திரும்பினார்கள். பூங்கோதை வெட்கப்பட்டாள். கெட்டிமேளம் கொட்டியது. மூன்று முடிச்சும் விழுந்தது.

சாப்பாட்டுக்கு அக்கரை ஆட்கள் வர வேண்டுமே என்று தாரணி கையோடு இன்னும் நாற்பது பேரைப் பாலத்தில் சேர்த்தாள். அவசரத்தில் ஒரே ஆளை நாற்பது தடவை ஒட்டிவிட்டாள். நாற்பதும் நீலச் சட்டை, நாற்பது காதிலும் போன். அதனால் என்ன, பக்கத்து மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்களின் யூனிஃபார்ம் நீலம்தான். கொடிக்குக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. வாரிக்கொண்டு வந்தார்கள்.

சம்பந்தியம்மாவிடம் எப்படிக் கொடுப்பது என்று நாச்சிமுத்து ஒரு சட்டையோடு தயங்கி நின்றார். ராமாத்தாள் படத்தை உற்றுப் பார்த்தார். சட்டையை வாங்கிப் பட்டுச்சேலைக்கு மேல் மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டார். பிறகு கவலையோடு தாரணியைப் பார்த்தார்.

“எங்கிட்டப் போன் இல்லீங்களே. வெத்தலப் பொட்டியைக் காதுல வச்சுக்கிட்டா பாலம் தாங்குமுங்களா?”

தாரணி ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, தாங்கும் என்றாள்.

மகளைச் சரியான குடும்பத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.