தொட்டிக் கல்லின் வருஷம்

முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் கோகிலா மாட்டிக்கொண்ட இடத்திலேயே நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

கோகிலாவும் மைதிலியும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. கோகிலா வகுப்பில் முதல் ஆள். மைதிலி வரலாற்றுத் தாளில் ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்தித் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த மாமன் முதல் மனைவியை அடித்தே துரத்தியவன்.

அறைக்கே கொண்டுபோய் எழுதும் தேர்வு அது. எந்தப் புத்தகத்தையும் புரட்டலாம், ஆனால் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று பேராசிரியர் ஞானப்பிரகாசம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கேள்வி ஒன்றே ஒன்று. பக்கத்து ஊரில் உள்ள வெள்ளைக்காரர் காலத்துக் கல் ஒன்றின் வாசகத்தைக் கொடுத்து, அது எந்த ஆண்டுக் கல் என்று நிறுவச் சொல்லியிருந்தார்: “தாது வருஷம் ஆடி மாதம் இத்தொட்டி சைக்கிள் கடை பொன்னுரங்கம் உபயம்.”

தாது என்றதுமே கோகிலாவின் கண்ணில் பஞ்சம்தான் நின்றது. அந்தப் பஞ்சத்தில் ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டி வைத்ததைப் படித்திருந்தாள். 1876 என்று போட்டு, பட்டினிச் சாவுகளை மனம் கனக்க எழுதித் தள்ளினாள். மைதிலியின் தாளை எட்டிப் பார்த்தால் 1936 என்றிருந்தது. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருமே, பாவம், ஒரு சுற்று தவறிவிட்டாள் என்று நினைத்தாள் கோகிலா. வாய் திறக்கவில்லை. பேனாவால் அந்த எண்ணைத் தட்டி, இல்லை என்று தலையாட்டினாள். மைதிலி வெகுநேரம் தயங்கினாள். பிறகு எழுதியதை அடித்துவிட்டு 1876 போட்டாள்.

தாளைத் திருப்பித் தரும்போது பேராசிரியர், “பஞ்ச காலத்துல நம்ம பக்கம் சைக்கிள் கடை ஏதும்மா? அது மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி,” என்றார். இருவருக்கும் பூஜ்யம். கோகிலாவை மற்ற மதிப்பெண்கள் காப்பாற்றின. மைதிலிக்குத் தை மாதமே கல்யாணம் குறித்தார்கள்.

பெட்டி கட்டும்போது கோகிலாதான் அழுதாள். “நான் கல்லைப் படிச்சுத்தான் எழுதினேன் கோகி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அடிச்சுட்டேன்,” என்றாள் மைதிலி.

உதவப் போன கோகிலா, தெரிந்ததை அடித்துவிட்ட மைதிலி, அடித்த விடையைக் கண்ணால் பார்த்தும் பூஜ்யம் போட்ட பேராசிரியர். மைதிலியின் வாழ்க்கை கெட்டதற்கு இவர்களில் யார் காரணம்?

விடை: பேராசிரியர் தாளில் நின்ற விடைக்குத்தான் மதிப்பெண் போட முடியும். மைதிலி தோழியை நம்பினாள், அதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? கோகிலாதான் காரணம். சத்தியத்தை மீறியதைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டு விடையும் வேறுபட்டபோது, கல்லின் வாசகத்தை இன்னொரு முறை படிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. மைதிலி என்றால் தப்பாகத்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்தாள். மைதிலியைக் கட்டிக்கொண்டவனும் இன்று அப்படித்தான் நினைக்கிறான்.